நாவல்காட்டு விருந்தாளிகள்

நாவல்காட்டில் பழம் உதிரும் காலம் வந்தது. வெளிக்காடுகளிலிருந்து முயல்களும் மரநாய்களும் கூட்டம் கூட்டமாக வந்தன. பழம் நிறைய இருந்தது. தங்கத்தான் இடம் இல்லை.

சுருளி என்ற முள்ளம்பன்றியின் வளையில் ஐந்து அறைகள். அது படுப்பதோ ஓர் அறையில்!

“வாருங்கள், தங்குங்கள்! போகும்போது ஒரு கிழங்கு கொடுத்தால் போதும்” என்றது சுருளி. விருந்தாளிகள் துள்ளிக் குதித்தன.

இதைப் பார்த்தது மாயன் நரி. கிழங்கு ஆசையில், தன் வளையில் குடியிருந்த கீரிக் குடும்பத்தை வெளியே தள்ளியது. ஓர் ஆள் புரளும் இடத்தில் பத்துப் பேரை அடைத்துவிட்டு, தான் வேறிடத்தில் போய்ப் படுத்தது.

காட்டுத் தலைவி வல்லி என்ற உடும்பு. அதனிடம் ஓடி வந்தது தாய்க் கீரி.

“அம்மா, குட்டிகளோடு நான் எங்கே போவேன்?”

வல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இனி யாரும் விருந்தாளிக்கு வளை தரக்கூடாது!” என்று உத்தரவு போட்டது.

மறுநாள் பகலிலேயே மழை கொட்டியது. சுருளியின் அறைகள் காலியாகக் கிடந்தன. விருந்தாளிகளோ புதருக்கடியில் வெடவெடத்தன. அதைக் கண்டு வல்லிக்கு மனசு என்னவோ செய்தது.

அப்போது மாயனின் வளையிலிருந்து அலறல்! உள்ளே திருட்டுத்தனமாக முப்பது முயல்கள். ஒரே வாசல்; அதுவும் மண் சரிந்து அடைத்துவிட்டது.

வல்லி பாய்ந்து பாய்ந்து தோண்டியது. சுருளியும் கீரியும் கை கொடுத்தன. சேறு அப்பிய முயல்கள் ஒவ்வொன்றாக உயிரோடு வெளியே வந்தன.

வல்லி தலை குனிந்தது. “என் தடை சுருளியைத்தான் கட்டிப்போட்டது. மாயனை ஒளிந்து செய்ய வைத்தது. தப்பு என்னுடையது.”

உடனே எல்லோரையும் கூட்டிக் கருத்துக் கேட்டது. பிறகு சொன்னது:

“வளை தரலாம். ஆனால் இரண்டு வாசல் வேண்டும். நானே வந்து பார்ப்பேன். குடியிருப்பவரை வெளியேற்றக்கூடாது. வளைக்காரரும் அங்கேயே தங்க வேண்டும்!”

“நானுமா? அந்தக் கூச்சலிலா?” என்று பதறியது மாயன்.

“நீயும்தான்!”

காடே சிரித்தது.

கீரிக் குடும்பம் தன் இடத்துக்குத் திரும்பியது. மாயன் முனகிக்கொண்டே இரண்டாவது வாசல் தோண்டியது. அது முடிந்ததும், இடம் கொள்ளும் அளவுக்கு நாலே முயல்களை வல்லி உள்ளே அனுப்பியது. அவை விடாமல் பாட, “உஷ்! பக்கத்தில் குட்டிகள் தூங்குகின்றன!” என்று மாயனே அதட்டியது!

சுருளியின் ஐந்து அறைகளிலும் ஒரே கும்மாளம். எட்டிப் பார்த்த வல்லியின் வாயிலும் ஒரு முயல் நாவல்பழத்தைத் திணித்தது.

பலருக்கு உதவும் புதுவழி ஒன்று பிறந்தால், ஆள்பவர் அதை அடியோடு தடுக்காமலும் கண்டபடி விட்டுவிடாமலும், எல்லோரையும் காக்கும் விதி வகுத்துக் கூடவே நின்று கவனிக்க வேண்டும்.