மேலேயிருந்து வரும் தூசி

"தூசி எங்கிருந்துங் அம்மிணி வருது?"

மயில்சாமி கேட்டுவிட்டுக் காரின் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூரை முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர். கார்பன் இழையில் நெய்த மாதிரி அச்சுப் போட்டது. அசல் கார்பன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம், அவ்வளவு அழகு. நடுவில் மட்டும் கடுகு போல ஒரு புடைப்பு.

"தொட்டுப் பாருங்ணா," என்றாள் ரெஜினா.

தொட்டார். விரல் நுனியில் நறநறத்தது.

"மேல இருந்துங்ணா," என்றாள்.

அவ்வளவுதான் பதில். ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் உரித்துச் சுருட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

சிங்காநல்லூர்ப் பக்கத்தில் கார்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை ரெஜினாவுடையது. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருந்தால் அதிகம். மயில்சாமிக்கு அவளைவிட இருபது கூட. பாதி ஆயுசைக் காருக்கு பெயிண்ட் அடித்தே கழித்தவர். இனி பெயிண்ட் வாடையே நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். சீடர் என்று சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் நரைத்த தலையோடு ஒரு பெண்ணிடம் வந்து, "எனக்கும் சொல்லிக் குடுங் அம்மிணி" என்று நிற்பவரை வேறு என்னவென்று சொல்வது?

கதவுக்கு ஒட்டினால் கண்ணாடி மாதிரி வந்தது. டேஷ்போர்டுக்கும் அப்படியே. கூரை மட்டும் அவரைக் கண்டால் சண்டைக்கு வந்தது.

மருமகன் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான். "ஒட்டற வேலை வரலைன்னா பேசாம அங்க வந்து உக்காந்துக்குங் மாமா," என்றான். பாவம், நல்லதற்குத்தான் சொன்னான்.

அடுத்தவர் கார் வரும்போது கேட்டைத் திறந்துவிட வேண்டும். காரைத் தொடக்கூடாது. அதை நினைத்தால் மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

மேலே பார்த்தார். கடையின் தகரக் கூரை.

"அட, இதானா!" என்று அடியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

புடைப்பு வந்தது.

ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வையில் குளித்துக்கொண்டே ஒட்டினார்.

புடைப்பு வந்தது.

உரித்த ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

"சுண்ணாம்புங் அம்மிணி! செவுத்துல இருந்து பறக்குது!"

சுவருக்கெல்லாம் பழைய வேட்டி கட்டினார். கடை ஏதோ நாடகக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது.

ரெஜினா சுற்றிலும் பார்த்தாள்.

"செவுரு பக்கத்துல இருக்குதுங்ணா. நான் மேலன்னு சொன்னேன்."

தகரமும் இல்லை, ஃபேனும் இல்லை, சுவரும் இல்லை. அப்புறம் மேலே யார் இருக்கிறார்?

மயில்சாமிக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கியதாக நினைத்தார்.

"முருகன் சோதிக்கிறானுங் அம்மிணி."

மறுநாள் செருப்பில்லாமல் மருதமலை ஏறினார். ஒரு பொட்டலம் திருநீறோடு இறங்கினார். அதுவரை நெற்றியில் ஒரு கீற்று இருந்தது. இப்போது மூன்று. வேலை தொடங்குமுன் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடி, அழுத்தி ஒரு பூச்சு. கூரை கெட்டால் அடுத்த தடவை இன்னும் தடிமனாக ஒரு பூச்சு. கூரை கெடக் கெட நெற்றி வெளுத்துக்கொண்டே போனது.

ரெஜினா ஒரு தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தலைக்குப் போட்டுக்குங்ணா."

"நெத்தி மறைஞ்சுருமுங் அம்மிணி."

அவள் தொப்பியை ஆணியில் மாட்டினாள். மாதா படத்துக்கும், மயில்சாமி கொண்டுவந்து மாட்டிய முருகன் காலண்டருக்கும் நடுவில் அந்தத் தொப்பி தொங்கியது.

இன்னொரு நாள் கேட்டாள்.

"கதவுக்கு ஒட்டறப்ப எப்படிங்ணா பாப்பீங்க?"

"நேரா நின்னுதானுங்."

"கூரைக்கு?"

"நல்லாக் குனிஞ்சு. மூக்கு இடிக்கற அளவுக்கு. பொடித் தூசி இருந்தாலும் விடமாட்டனுங்."

"அப்படிப் பாத்துமா வருது?"

"பாக்கப் பாக்கத்தானுங் வருது!"

"ம்," என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறெதையாவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் சிவப்புக் கார் ஒன்று வந்தது. கூரைக்கும் கார்பன், உள்ளேயும் கார்பன்.

கூடவே மருமகனின் போனும் வந்தது. அபார்ட்மெண்ட்காரர்கள் கேட்கிறார்களாம். சாயங்காலத்துக்குள் ஆமாம், இல்லை என்று சொல்லிவிட வேண்டுமாம்.

மயில்சாமி போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"இன்னைக்கும் இந்தக் கூரை கெட்டுதுன்னா நான் கிளம்பறனுங் அம்மிணி. கேட்டுக் காவல்தான் நமக்கு எழுதியிருக்குது போல."

ரெஜினாவுக்கு முகம் வாடிவிட்டது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைச் சற்று நேரம் விரலால் திருகிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல உள்ள முடிங்ணா. அப்பறம் மேல போலாம்," என்றாள். "நடுவுல இருக்கற கண்ணாடிக்கும் ஒட்டோணும்."

"பின்னாடி பாக்கற கண்ணாடிக்கா? அதுக்குப் போயி யாருங் ஒட்டுவா?"

"அதோட கூட்டுக்கு மட்டுந்தானுங். ஓனர் கேட்டாரு."

ஓனர் அப்படியெதுவும் கேட்கவில்லை.

மயில்சாமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். டேஷ்போர்டை முடித்தார். கறுகறுவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தது. பிறகு கண்ணாடிக் கூட்டின் மேல் ஸ்டிக்கரை வைத்து, ஹீட் கன்னால் சூடு காட்டி, விளிம்பை நகத்தால் அழுத்தி மடித்தார்.

மூலை மடிந்ததா என்று பார்க்கத் தலையைக் கிட்டே கொண்டுபோனார். வழக்கம் போல, மூக்கு இடிக்கும் அளவுக்கு.

கண்ணாடி நிறைய அவருடைய நெற்றி.

அதைப் பார்த்ததும் புருவம் தானாக ஏறியது. தடித்த பூச்சில் ஒரு விரிசல் விட்டது. ஒரு துணுக்கு கழன்றது. கண்ணாடியில் அது நழுவுவதைப் பார்த்தார். விழுவதையும் பார்த்தார்.

கீழே, கறுப்பு டேஷ்போர்டின் மேல், வெள்ளையாக ஒரு புள்ளி.

விரலை வைத்தார். நறநறத்தது.

மயில்சாமி தார்ப்பாயைப் பார்த்தார். நிறுத்தி வைத்த ஃபேனைப் பார்த்தார். சுவரில் கட்டிய வேட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

இறங்கிக் குழாயடிக்குப் போனார். முகத்தைக் கழுவினார். ஆனால் நெற்றியை வெறுமனே விட்டுவிட மனசு ஒப்பவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லிசாக ஒரு கீற்று இழுத்தார். அது காயும் வரை நின்றார். ஒரு கறுப்பு ஸ்டிக்கர் துண்டை எடுத்துத் தரையில் விரித்து, அதன் மேல் குனிந்து மாடு மாதிரித் தலையை ஆட்டிப் பார்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

ரெஜினா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரையைத் துடைத்தார்கள். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து ஸ்டிக்கரை விரித்தார்கள். அவர் குனிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்கிரேப்பரால் தள்ளிக்கொண்டே போனார். காற்று ஓடியது. சுருக்கம் ஓடியது. சூடு காட்டி, ஓரத்தை அழுத்தி நிமிர்ந்தபோது இடுப்பு விண்ணென்று வலித்தது. டியூப் லைட்டைப் போட்டார்.

கூரையில் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கும் தடுக்காமல் நேராக ஓடியது.

மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கையால் ஒரு தடவை முழுக்கத் தடவிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை.

போன் அடித்தது. மருமகன்.

"வேலைல இருக்கறன் மாப்ள," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரெஜினா பிளேடால் ஓரத்து மிச்சத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு எப்பவே தெரியுமுங் அம்மிணி?"

"மொத நாளே தெரியுமுங்ணா."

"அப்பறம் ஏனுங்?" அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "மேல, மேலன்னு சொல்லி என்னை மலையேற வெச்சீங்க. நெத்தியில இருந்துதான் விழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

ரெஜினா பிளேடை மடித்தாள். அவருடைய நெற்றியைப் பார்த்தாள்.

"உங்க சாமியப் போயித் தூசின்னு என் வாயால எப்படிங்ணா சொல்றது?"