முதுகு திறக்காத சட்டை

கோவையில் ஒரு நீச்சல்குளம். அங்கே ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு நாற்பது வயது, சிஷ்யைக்கு அறுபத்து மூன்று. யார் யாரை மரியாதையாகக் கூப்பிடுவது என்று ஆரம்பத்தில் இருவருக்குமே குழப்பம். கடைசியில் சௌடேஸ்வரி "டீச்சர்" என்றாள், பரிமளம் "அம்மா" என்றாள். பிரச்சினை தீர்ந்தது.

பரிமளம் குளத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்கு உடை வடிவமைத்தவள். சுண்டுவிரல் நீளத்தில் கை, எலுமிச்சம்பழம் அளவில் இடுப்பு. அதற்குள் சுருக்கம், சரிகை, பொத்தான் எல்லாம் வந்தாக வேண்டும். குனிந்து குனிந்து தைத்ததில் முதுகு போயிற்று. தண்ணீரில் இறங்கி உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். முதுகு சரியான பிறகும் அவள் கரையேறவில்லை. படித்து, பரீட்சை எழுதி, அதையே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள்.

சௌடேஸ்வரிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. தண்ணீருக்குள் நடந்தால் காலுக்கு வலு வரும் என்று அவளையும் அனுப்பிவைத்தார்கள். மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து, வாளிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தவள் அவள். கயிற்றை விட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதனால் குளத்தில் இறங்கியதும் ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் உடும்பு மாதிரிப் பிடித்துக்கொள்வாள். மற்றவர்கள் நடுக்குளத்தில் கை வீசி நடப்பார்கள். இவள் நின்ற இடத்திலேயே காலை ஆட்டுவாள்.

பரிமளம் அவளுக்கென்று ஒரு மிதவைச் சட்டை தைத்தாள். கை இல்லாத, நுரைத் தகடு வைத்த சட்டை. அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் காலடி தெரியாது. எனவே இறங்கிய பிறகுதான் மாட்டுவது. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு வைத்திருந்தாள். சௌடேஸ்வரியின் ஒரு கையைக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்து, சட்டைக்குள் நுழைத்து, மறுபடி கம்பியில் வைப்பாள். அப்புறம் அடுத்த கை. பிறகு முதுகில் பட்டியை ஒட்டுவாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை போட்ட பிறகும் சௌடேஸ்வரி கம்பியை விடவில்லை.

ஒரு நாள் அவள் முகம் வெளிறிப்போய் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாளாகவே நினைவு தப்பிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் போதும், ஆபீசுக்குப் போகிறவர் போலக் கிளம்பிவிடுவார்.

"நேத்து அவரு மெயின் ரோட்டுல எறங்கிட்டாருங்க டீச்சர். பஸ்ஸு வருது. நான் கேட்டைப் புடிச்சுட்டு நின்னு கத்தறேன். காலு நகர மாட்டேங்குது."

"அப்புறமுங்க?"

"பேக்கரிக்காரரு ஓடி வந்து இழுத்துட்டாரு. அடுத்த தடவை அவரு இருப்பாருங்களா?"

பரிமளம் அவள் கைகளைச் சட்டைக்குள் நுழைத்து, முதுகில் பட்டியை ஒட்டினாள்.

"வீட்டுலயும் பயம், இங்கயும் பயம். இது எப்பத்தானுங்க போகும்? நீங்களே என் கையப் பிரிச்சு நடுக்கொளத்துக்கு இழுத்துட்டுப் போயிருங்க. நான் கத்துனாலும் விடாதீங்க."

பரிமளம் அவள் முதுகில் இருந்த பட்டியைப் பிரித்தாள், ஒட்டினாள், மறுபடி பிரித்தாள்.

"தப்பு என்னுதுங்கம்மா. பழக்க தோசத்துல தைச்சுட்டேன்."

சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு புதுச் சட்டையோடு வந்தாள். சௌடேஸ்வரி கம்பியைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"முதுகுத் தொறப்பு எங்கீங்க?"

"இல்லீங்க. தலை வழியாப் போடோணும்."

"அப்படின்னா ரெண்டு கையும் ஒண்ணாத் தூக்கோணுமே?"

"ஆமாங்க."

"பழசுக்கு என்னங்க கொறச்சல்?"

"அது பொம்மைச் சட்டைங்கம்மா. பொம்மை கையத் தூக்கிக் குடுக்காது. முதுகைப் பொளந்து வெச்சாத்தான் மாட்ட முடியும்."

பரிமளம் சட்டையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தாள்.

"நீங்க என்னையப் புடிச்சுக்குவீங்களா?"

"சட்டையப் புடிச்சிருக்கேனுங்களே. ரெண்டு கையும் அதுலதான்."

சௌடேஸ்வரி வலது கையை எடுத்தாள். இடது கை வர மறுத்தது. அறுபத்து மூன்று வயதிலும் அந்தக் கைக்குக் கிணறுதான் ஞாபகம். கூடவே பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது, சட்டை நுனி பறக்க ரோட்டில் நின்ற மனிதர் கண்ணில் வந்தார். அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"டீச்சர், வர மாட்டேங்குதுங்க."

"வரட்டுங்க. நிக்கறேன்."

இடது கையும் வந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. சட்டை இறங்கி முகத்தை மூடியது. ஒரே இருட்டு. கம்பி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தண்ணீர் நெஞ்சில் மோதியது, கால் தரையில் வழுக்குவது போலிருந்தது. செத்தேன் என்று நினைத்தாள். "டீச்சர்! புடிச்சிருக்கீங்களா?" என்று சட்டைக்குள்ளேயே அலறினாள். சட்டையின் கழுத்தைத் தேடி முட்டி மோதித் தலையை வெளியே நீட்டினாள்.

பரிமளம் எதிரே நின்றிருந்தாள், வெறும் கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு. கம்பி பின்னால் எங்கோ எட்டாத தூரத்தில் இருந்தது. தட்டுத் தடுமாறியதில் கால்கள் தாமாகவே நடந்து வந்திருந்தன.

சௌடேஸ்வரியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"டீச்சர், பயம் போகவே இல்லீங்களே."

"பயமே இல்லாதவங்களுக்குத்தானுங்கம்மா நான் இத்தனை வருசமாத் துணி தைச்சேன்," என்றாள் பரிமளம். "அவங்கள்ல ஒருத்தருகூடக் கையத் தூக்குனதில்லீங்க."