தொட்டியா, சட்டியா?

ஒரு காட்டில... காடுன்னதும் புலியையும் கரடியையும் தேடாதீங்க பிள்ளைகளா. இது கண்ணாடிக்குள்ள இருந்த காடு. நீளநீளமா ஆடுற பாசிதான் அதுல மரம். கூழாங்கல்லுதான் மலை. மூலையில குபுகுபுன்னு காத்துக் குமிழி விடுற குழாய்தான் அருவி. மதுரையில விருமாயி அக்கா நடத்துற மெஸ்ஸுல, சாப்பிட உக்கார்றவங்க கண்ணுக்கு நேரா அந்தத் தொட்டி இருந்துச்சு.

அந்த மெஸ்ஸுக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே அயிரை மீன் குழம்புதான். அயிரை தெரியுமில்ல? சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வாயோரத்துல குட்டி மீசை. கம்மா, அதான் ஊருக் குளம், அதோட அடியில மணலுக்குள்ள பொதைஞ்சு கிடக்கும். அதை உசுரோட வாங்கிட்டு வந்து, சட்டியில தேங்காப்பாலை ஊத்தி அதுக்குள்ள விடுவாங்க. பாலைக் குடிச்சிட்டு வயித்துல இருக்கிற மண்ணையெல்லாம் கக்கிரும். அப்புறம் என்ன, அடுப்புதான்.

அப்படி ஒருநாள் வந்த வாளியில இருந்து அஞ்சே அஞ்சு அயிரையை மட்டும் விருமாயி அக்கா தனியா அள்ளினா. தொட்டி அடியில மத்த மீன்க தின்ன மிச்சமும் கழிவும் சேருதே, அதைக் கிளறிவிட ஆள் வேணுமில்ல? அஞ்சையும் தொட்டிக்குள்ள கவுத்துவிட்டுட்டு, கண்ணாடியைத் தட்டிச் சொன்னா:

"இந்தா பாருங்க. அடியைக் கிளறிச் சுத்தமா வச்சிருந்தா தொட்டி. இல்லைன்னா சட்டி. அம்புட்டுதான்."

அவ வெளாட்டுக்குச் சொல்றவ இல்ல. இதுக்கு முன்னாடி அந்தத் தொட்டியில ஒரு கெளுத்தி இருந்துச்சு. ஆள் பார்க்கையில சாமியார் கணக்கா கல்லுக்கடியில கண்ணை மூடிக்கிட்டு இருக்கும். ஆள் நகர்ந்தா, கூட இருந்த குட்டிக் கப்பி மீனை லபக்குன்னு முழுங்கும். கப்பியெல்லாம் எங்க போகுதுன்னு விருமாயி அக்கா பூனையை வஞ்சா, பல்லியை வஞ்சா, மாவாட்டுறவளைக்கூடச் சந்தேகப்பட்டா. கடைசியில ஒருநாள் கெளுத்தி வாயோரத்துல ஒரு வாலு துடிக்கிறதைப் பார்த்துட்டா. அன்னைக்கு மெஸ்ஸுல கெளுத்திக் குழம்பு ஸ்பெஷல். சரி, கெளுத்தி போய்ச் சேந்துருச்சு, அதை விடுங்க. நம்ம அயிரைக்கு வருவோம்.

அஞ்சுலயும் சின்னவ பொடிச்சி. எதையும் மீசையால தொட்டுப் பார்க்காம நம்பமாட்டா. அஞ்சுலயும் பெரியவன் மண்டையன். அவனுக்கு வயிறு சொல்றதுதான் வேதம்.

அஞ்சும் ஒண்ணாத்தான் திரியும். அயிரைக்கு அதுதான் பழக்கம், தனியா விட்டா பயத்துலயே செத்துப்போகும். ஒண்ணா வரிசை கட்டி, மணலை வாயில அள்ளும். அழுக்கைத் தின்னுட்டு மணலைச் செவுள் வழியா பொலபொலன்னு உதுத்துவிடும். மணல் பளிச்சுன்னு இருக்கும். ஆனா தண்ணியில கொஞ்சம் புழுதி கிளம்பும்.

அந்தப் புழுதிதான் பட்டுக்கு ஆகலை.

பட்டுங்கிறது ஒரு ஏஞ்சல் மீன். வட்ட உடம்பு. மேலயும் கீழயும் முந்தானை மாதிரி தொங்குற துடுப்பு. அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, மினுக்குறது. ஒருதரம் ஒரு பெரியவர் அவளையே பார்த்துக்கிட்டுச் சாப்பிட்டு, பாயாசத்துல ரசத்தை ஊத்திப் பிசைஞ்சு, அதையும் ரசிச்சுக் குடிச்சிட்டுப் போனாராம். அந்தக் கதையை அவ சொல்லாத நாளே கிடையாது. கேக்குறதுக்குன்னே வரிவரியா உடம்புள்ள நாலு வரிக்கெண்டை மீன்க சுத்தி நிக்கும். அவ "ம்" சொன்னா இதுக "ஆமாக்கா" சொல்லும்.

ஒருநாள் பட்டு கீழ இறங்கி வந்தா.

"ஏய் மண்ணுதின்னி! உங்க புழுதியில என் துடுப்பு ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலை. நிறுத்துங்கடி."

"ஆமாக்கா, நிறுத்தச் சொல்லுக்கா" இது வரிக்கெண்டை.

"கிளறலைன்னா எங்களுக்குச் சட்டிக்கா" என்றா பொடிச்சி. "அதுவுமில்லாம, நாங்க தின்னுறதே அதுலதான. மேல போடுற தீனி ஒரு பொடிகூடக் கீழ வர்றதில்ல."

பட்டு யோசிச்சா. குரலைத் தேன்ல முக்கினா.

"அடப் பாவமே, பசியா? இத முதல்லயே சொல்லக்கூடாதா? இந்தா, என் பங்குல பாதியைக் கீழ விடுறேன். இதுகளும் விடும். நீங்க மண்ணைத் தொடாம கம்முனு அந்த மரக்கட்டைக்கடியில படுத்துக்கங்க. தீனி வாய்க்கே வரும்."

"பாதியா!" மண்டையன் கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. "ஏ பொடிச்சி, இதுக்கு மேல என்ன வேணும்?"

"அண்ணே, நம்ம வேலை..."

"வேலை எதுக்கு? சோத்துக்கு. சோறே வருதுங்கிறேன், வேலைங்கிற!"

மத்த மூணும் மண்டையன் பக்கம் நகர்ந்துச்சு. பொடிச்சி மட்டும் தனியா என்ன செய்வா? அவளுக்கும் பசிதான். கட்டைக்கடியில போய்ப் படுத்துக்கிட்டா.

மறுநாள்ல இருந்து தீனி மழையா இறங்குச்சு. தின்னதுபோக மிச்சம் மணல் மேல கிடந்துச்சு. யாரும் தொடலை. தண்ணி அம்புட்டுத் தெளிவு! சாப்பிட வந்தவங்க எல்லாம் "என்னக்கா, தொட்டியில தண்ணியே இல்லாத மாதிரி இருக்கு"ன்னாங்க. விருமாயி அக்காவுக்குப் பெருமை தாங்கலை. சந்தோசத்துல தீனியை ஒரு சிட்டிகை கூடவே போட்டா. பட்டு முந்தானையை விரிச்சு விரிச்சுக் காட்டினா.

கீழ மட்டும் வேற மாதிரி ஆகிக்கிட்டு இருந்துச்சு.

பொடிச்சி ஒருநாள் மணல்ல மீசையை வச்சா. சுரீர்னு எரிஞ்சது. கொஞ்சம் விலக்கிப் பார்த்தா, மேல வெள்ளையா இருந்த மணல் உள்ள மைக்கறுப்பா கிடந்துச்சு. ஒரு குமிழி மெதுவா வெளிய வந்து, மேல ஏறி உடைஞ்சது. அழுகின முட்டை நாத்தம்.

பதறிக்கிட்டுப் பட்டுகிட்ட ஓடினா.

"அக்கா, அடி அழுகுது! ஒருநாள் கிளறிக்கிறோம்க்கா. ஒரே ஒருநாள்."

"கிளறினா தீனி நின்னுபோகும்."

"நின்னா நிக்கட்டும்."

"உனக்குச் சரி. உங்க அண்ணனைக் கேளு."

மண்டையனைக் கேட்டா. அவன் வயிறு பொடைச்சு மல்லாந்து கிடந்தான். "அழுகுனா அழுகட்டும். மேல படு" என்றான். பொடிச்சி தனியா ஒரு ஓரத்துல வாயை வச்சா. உடனே வரிக்கெண்டை நாலும் பாஞ்சு வந்து அவ வாலைக் கடிச்சு விரட்டுச்சு.

அடுத்தடுத்து குமிழி வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு மத்தியானம், தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவர் இலையை மூடிட்டு மூக்கைப் பொத்துனார். விருமாயி அக்கா அடுப்படியில எலி செத்துக்கிடக்கான்னு பார்த்தா. சாக்கடையைப் பார்த்தா. கடைசியா தொட்டி மூடியைத் தூக்கினா. முகம் கோணிப்போச்சு.

"ஏ சோணை! இங்க வா" என்று சமையக்காரரைக் கூப்பிட்டா. "இந்த அயிரைக வேலையே பார்க்கலைய்யா. தின்னுட்டுத் தூங்குதுக. குழம்புக்கு மீனு பத்துதா?"

"கொஞ்சம் பத்தாமத்தான் இருக்குக்கா."

"அப்ப இதுகளையும் அள்ளு."

சோணை ஒரு கையில கைவலையும், ஒரு கையில சட்டியும் கொண்டாந்தார். தொட்டிக்கு ஒட்டினாப்புல சட்டியை வச்சார். கண்ணாடி வழியா உள்ள வெள்ளையாத் தெரிஞ்சது. தேங்காப்பால்.

"அக்கா, பட்டக்கா!" பொடிச்சி கத்தினா. "நீ சொல்லித்தான நிறுத்துனோம்! எதாச்சும் செய்க்கா!"

"தீனி தர்றேன்னு சொன்னேன், தந்தேன்" என்றா பட்டு, துடுப்பைத் திருப்பிக்கிட்டே. "சட்டிக்கு நானா பொறுப்பு?"

"ஆமாக்கா, நீயா பொறுப்பு?" இது வரிக்கெண்டை.

வலை உள்ள இறங்குச்சு. அஞ்சும் மணலுக்குள்ள பொதையப் பார்த்துச்சு. மெலிஞ்சவங்க பொதைஞ்சாங்க. மண்டையனுக்குத் தலை உள்ள போச்சு, தின்னு வளர்த்த வயிறு போகலை. வலை அவனை அப்படியே வாரிக்கிட்டுப் போச்சு.

"பொடிச்சீ!"

பொளக். சட்டிக்குள்ள விழுந்துட்டான்.

வலை மறுபடி இறங்குச்சு. கட்டையைத் தட்டுச்சு, கல்லைப் புரட்டுச்சு. பொடிச்சி கறுப்பு மணலுக்குள்ள கண்ணை மூடிக் கிடந்தா. மீசை எரியுது. மூச்சு முட்டுது. பக்கத்துல மத்த மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்குதுக. ஒளிஞ்சா எம்புட்டு நேரம் ஒளிய முடியும்? தொட்டி என்ன, கம்மாயா? இன்னும் ரெண்டு தடவை துழாவினா மாட்டிக்க வேண்டியதுதான்.

அப்பத்தான் அவளுக்கு அது தட்டுச்சு. நம்மளை எதுக்கு அள்ளுறாங்க? வேலை பார்க்கலைன்னு. அப்ப?

"எந்திரிங்க!" என்றா. "வெளிய வாங்க. எனக்குப் பின்னாடி வாங்க!"

"வலை இருக்குடி!"

"இருக்கட்டும். வாங்க!"

மணலைப் பிச்சுக்கிட்டு வெளிய வந்தா. வலைக்கு நேரா, விருமாயி அக்கா மூஞ்சி தெரியிற கண்ணாடிக்கு நேரா போயி நின்னா. நின்னு, கறுப்பு மணலை வாய் நிறைய அள்ளி, செவுள் வழியா ஊதினா. அள்ளினா, ஊதினா. எரியுதுன்னு பார்க்கலை. அவ செய்யிறதைப் பார்த்து மத்த மூணும் வந்து வரிசை கட்டுச்சு. அயிரை ஒண்ணு இறங்கிட்டா மத்தது சும்மா நிக்காது.

கறுப்புப் புகை பொங்குச்சு. ஊறிக் கிடந்த தீனியும் சொதசொதன்னு இருந்த அழுக்கும் கிளம்பித் தொட்டியே இருண்டுபோச்சு.

"ஆத்தீ!" விருமாயி அக்கா சோணை கையைப் பிடிச்சா. "நிறுத்துய்யா, நிறுத்து! இங்க பாரு, இம்புட்டும் அடியில கிடந்திருக்கு! நாலும் எப்படி வேலை பார்க்குதுன்னு பாரேன்!"

"ஆமாக்கா, புல்டோசரு கணக்கா."

"ரப்பர் குழாயைக் கொண்டா. தண்ணியை மாத்து. வெரசா!"

தண்ணி மாத்துறதுக்குள்ள உள்ள பாடு பெரும்பாடா இருந்துச்சு. அழுகின காத்து தொட்டியெல்லாம் பரவி, வரிக்கெண்டைக வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. பட்டு ஒரு பக்கமாச் சாஞ்சுட்டா. அயிரைக்கு மட்டும் ஒரு வித்தை உண்டு. விர்ருன்னு மேல போயி, வெளிக்காத்தை ஒரு வாய் முழுங்கிட்டுக் கீழ வந்துரும்.

"பொடிச்சி... மூச்சு வரலைடி..." பட்டு முனகினா.

"மேல போயி ஒரு வாய் முழுங்குக்கா!"

"எனக்கு அது தெரியாதுடி..."

பொடிச்சிக்கு ஒரு நிமிசம் மண்டையனோட கத்தல் காதுல கேட்டுச்சு. இருந்தாலும் போனா. பட்டு விலாவுல தலையை வச்சு முட்டி முட்டித் தள்ளி, குமிழி வர்ற குழாய் ஓரத்துல கொண்டுபோய்ச் சேர்த்தா. "இங்கயே நில்லு. நகராத."

புதுத் தண்ணி வந்துச்சு. சோணை சட்டியில இருந்த மண்டையனையும் அள்ளித் திரும்ப விட்டார். அவன் வெள்ளை வெள்ளையாத் தும்மிக்கிட்டே வந்து சேர்ந்தான். அதுக்கப்புறம் சாகுற மட்டும் "நான் தேங்காப்பாலே குடிச்சவன்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், அது வேற கதை. ஆனா வரிசையில முதல் ஆளா மண்ணைக் கிளறினதும் அவன்தான்.

விருமாயி அக்கா மேல போடுற தீனியைக் குறைச்சா. சாயங்காலம் விளக்கை அணைச்ச பிறகு, அயிரைகளுக்குன்னே ரெண்டு உருண்டை அடியில போட ஆரம்பிச்சா.

பட்டு பொழைச்சுக்கிட்டா. ஆனா அந்த அழுக்குத் தண்ணியில நின்ன துடுப்பு ஓரமெல்லாம் அழுகி, நூல் நூலாப் பிரிஞ்சு தொங்குச்சு. தொங்குற நூலைப் பார்த்ததும் வரிக்கெண்டைகளுக்குக் கை நிக்குமா, இல்ல வாய் நிக்குமா? "ஆமாக்கா, ஆமாக்கா"ன்னுக்கிட்டே ஆளுக்கு ஒரு நூலைப் பிடிச்சு இழுத்துச்சு. சாப்பிட வந்த ஒருத்தர், "என்னக்கா, அடுப்புத் துடைக்கிற துணியாட்டம் ஒரு மீனு?"ன்னார். பட்டு பாசிக்குப் பின்னாடி போனவதான், வெளியவே வரலை.

மறுநாள் காலையில அடியில இருந்து லேசாப் புழுதி கிளம்புச்சு.

"அக்கா, அக்கா! மறுபடி கிளறுதுக! விரட்டவா?"ன்னு ஓடி வந்துச்சு ஒரு வரிக்கெண்டை.

பாசிக்குப் பின்னாடி இருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"வாயை மூடுடி. கிளறட்டும்."

நீதி: செய்யிற வேலையை விடச் சொல்லி ஒருத்தர் ஊட்டிவிடுற சோத்தை நம்பித் தின்னாதே.