கோயிலுக்குள் போட்ட பனங்கட்டை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சபையிலும் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் மணி அடித்ததும் மனிதர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். பறவைகள் வாசலில் இறங்கி, சிறகை ஒடுக்கிக்கொண்டு, காலால் நடந்து உள்ளே போகும். கோயிலுக்குள் பறப்பது மரியாதைக் குறைவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புறா, மைனா, காகம், சிட்டுக்குருவி எல்லாம் அப்போது ஒரே மாதிரிதான் நடந்தன. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தலை நேராக.

கருக்குவிளை என்று ஒரு சேகரம். தேரிச் செம்மணல் மேடுகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த சின்ன ஊர்களெல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சேகரம். ஊருக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. சிற்றாலயம் என்றால் நாலு பனந்தூண், மேலே ஓலை. சுவர் இருந்தால் அதிசயம். ஐப்பசிக் காற்றில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே கூரை போய்விடும். பாட்டு நிற்காது. ஆண்கள் ஓலையைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், பெண்கள் மீதிப் பாட்டைப் பாடி முடிப்பார்கள்.

முள்ளிவிளைச் சிற்றாலயத்தின் கூரையில் ஒரு சிட்டு குடியிருந்தது. ஒரு வருஷம் ஐப்பசியில் ஓலையோடு அதன் கூடும் போனது. மறுநாள் கூடு கிடைத்தது. குஞ்சுகள் கிடைக்கவில்லை.

ஆகவே, கருக்குவிளையில் எல்லா ஊருக்கும் பொதுவாகக் கல்லால் ஒரு சேகரக் கோயில் கட்டலாம் என்று, பாதிரியாருக்குத் துணையாக ஊழியம் செய்த உபதேசியார் ஊர் ஊராக வந்து சொன்னபோது, முள்ளிவிளையில் முதலில் தலை நிமிர்ந்தது அந்தச் சிட்டுதான். காற்று எடுத்துக்கொண்டு போகாத கூரை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியும்.

கோயில் பிடியரிசியில் எழுந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். உபதேசியார் சாக்கோடு வந்து வாங்கிப் போவார். பறவைகளும் கொடுத்தன. சிட்டு தன் அலகில் ஒரு மணி எடுத்தால், அதைத் தின்னாமல் கொண்டுபோய்ச் சாக்கில் போட்டுவிட்டு, அடுத்த மணியைத்தான் தின்னும். அந்த அரிசி கல்லாயிற்று, சுண்ணாம்பாயிற்று. அன்னப்பழம் என்கிற முள்ளிவிளைப் பெண், கணவன் பனையேறிக் கொண்டுவந்த பதநீரில் பாதியைக் கருப்பட்டியாகக் காய்ச்சாமல் சுண்ணாம்பு குழைக்கக் கொடுத்தாள். அவளே தலைச்சுமையாகச் சுண்ணாம்பைச் சுமந்தும் போனாள்.

வேலையை மேற்பார்த்தவர்கள் கருக்குவிளை மேலத்தெருக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் மூப்பர் ஆசீர்வாதம். ஓட்டு வீட்டுக்காரர், நல்ல குரல், கோபப்படமாட்டார். கோயிலுக்குள் எது எங்கே வரும் என்று சின்ன ஊர்க்காரர்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்பது பக்திக்குக் குறைவு என்று நினைத்தார்கள். கொடுப்பவர்கள் எப்போதும் செய்கிற தப்பு இது. கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

பிரதிஷ்டை நாள் நெருங்கியது. அன்றைக்கு, ஐயர் என்று சனங்கள் கூப்பிடுகிற பாதிரியார் பலிபீடத்தின் முன்னால் நின்று, அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளையும் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளிப்பார் என்று ஏற்பாடு. சாரம் கட்டுவதற்காகச் சுவரில் விட்ட பொந்துகளைக் கொத்தனார்கள் அடைக்காமல் வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட குஞ்சுக்கு அதில் ஒரு பொந்து. அந்த வருஷம் ஒரே ஒரு குஞ்சு பிழைத்திருந்த முள்ளிவிளைச் சிட்டு அதற்காகவே காத்திருந்தது. மழைக்கு நாள் அதிகம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான், கடைசிச் சுமை சுண்ணாம்பை இறக்கப் போன அன்னப்பழம் உள்ளே எட்டிப் பார்த்தாள். கோயிலுக்குக் குறுக்கே, வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவர் வரைக்கும், முழங்கால் உயரத்துக்கு ஒரு பனங்கட்டை தரையோடு பதித்திருந்தது. கட்டைக்குக் கிழக்கே தரை மெழுகிப் பாய் விரித்திருந்தது. மேற்கே மண். கட்டை எதற்கு என்று அவள் கொத்தனாரைக் கேட்டாள். முன்னால் மேலத்தெருவாம், பின்னால் மற்ற ஊர்களும் பறவைகளும் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, தான் கூலிக்காரன் என்றும் சொன்னார்.

அன்றைக்கு முள்ளிவிளைச் சிற்றாலயத்தில் கூட்டம் கூடியது. எல்லா ஊர்ச் சனமும் வந்தது, பறவைகளும் வந்தன. பறவைகளுக்குப் புறாதான் பேச்சாளர். தொண்டையில் நல்ல கனம் உண்டு. கட்டை கிடக்கிற கோயிலில் கால் வைப்பதில்லை, எல்லாரும் வாசலிலேயே நிற்பது, பிள்ளைகளையும் குஞ்சுகளையும் உள்ளே அனுப்புவதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. புறா பேசியபோது கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நம் அரிசியில் எழுந்த சுவர் நம்மைப் பார்த்து விலகு என்று சொல்லுமா என்று அது கேட்டது. நல்ல கேள்விதான். மூப்பரிடம் அதையே போய்க் கேட்டுவர, புறாவையே தூது அனுப்பினார்கள்.

மூப்பர் புறாவைப் பாயில் உட்காரவைத்தார். கட்டை ஒழுங்குக்காகத்தான் என்றார். புறா தலையை நேராக வைத்திருந்தது. நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒழுங்கு வேண்டாமா என்றார். புறா கொஞ்சம் தலையை அசைத்தது. பிறகு மூப்பர், மணிக்கூண்டு காலியாகத்தானே இருக்கிறது, அவ்வளவு உயரத்தில் இருக்கத் தகுதியானவர்கள் உங்களை விட்டால் யார் என்றார். புறா நன்றாகவே தலையாட்டியது.

திரும்பி வந்த புறா எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, கட்டை ஒன்றும் பெரிசில்லை, சாணி மெழுகிவிட்டால் பார்க்கவே தெரியாது, முதலில் உள்ளே போய்விடுவோம், மற்றதை உள்ளேயிருந்து பேசுவோம் என்று சொன்னது.

சிட்டு கேட்டது: “மணிக்கூண்டு யாருக்கு, அண்ணாச்சி?”

புறா தலையை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நடந்து போயிற்று.

கூட்டம் அத்தோடு கலைந்தது. காகம் அன்றைக்கே சபையை விட்டு விலகிவிட்டது. எந்த வீட்டிலும் அதற்கு ஒரு கவளம் சோறு கிடைக்கும், அது விலகலாம். மைனா, என்ன நடக்கிறதென்று பார்ப்போம் என்றது. மனிதர்களிலும் அப்படித்தான். வாசலில் நிற்போம் என்றவர்கள், ஐயர் என்ன நினைப்பார் என்றார்கள். ஐயரோ மூப்பர் என்ன நினைப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பிரதிஷ்டை நாள் வந்தது. வெளியே பந்தலில் அசன விருந்துக்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதித்தது. உள்ளே மேலத்தெருக்காரர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கட்டைக்கு இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்தார்கள். புறாக்கள் ஓரமாக மணிக்கூண்டுப் படியில் ஏறிப் போயின. கட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தது. பின்னால் இருப்பவர்கள் பிள்ளைகளை அங்கேயே கொண்டுவரட்டும், உபதேசியார் தெளிப்பார், பெயர் கூப்பிடுவது முன்னால்தான் என்று மூப்பர் அறிவித்தார். தண்ணீர் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் என்று கூடுதலாகவும் சொன்னார்.

முள்ளிவிளைச் சிட்டு குஞ்சைப் பின்னால் கூட்டிக்கொண்டு வாசலில் இறங்கியது. சிறகை ஒடுக்கியது. வழக்கம்போல ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடந்து வந்தது. மண்சட்டியைத் தாண்டி நடந்தது. கட்டைக்கு முன்னால் வந்து நின்றது. மனிதனுக்குத்தான் அது முழங்கால் உயரம். சிட்டுக்கு அது மதில்.

மூப்பர் பாயிலிருந்தபடியே திரும்பிப் பார்த்தார். “ஏட்டி குருவி, சட்டி அங்கன இருக்கு பாரு.”

“பாத்தேன் மூப்பரே.”

“அப்புறம் எங்க வாரே?”

“பேரு சொல்லிக் கூப்பிடுத இடத்துக்கு.”

மூப்பருக்குச் சிரிப்பு வந்தது. “ரெக்கைதான் இருக்கே, பறந்து வாயேன். யாரு உன்னைப் பிடிச்சா?”

பாயில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிட்டு சிரிக்கவில்லை. “பறந்தேன்னா, கோயில்ல மரியாதை தெரியாத சாதின்னு நாளைக்கே சொல்லுவீரு. அதுக்கப்புறம் சட்டிகூட இருக்காது. நான் காலாலதான் வருவேன்.”

காலால் எப்படி வரும்? ஒரு காலைத் தூக்கினால் கட்டையின் பாதி உயரம்கூட எட்டவில்லை. சிட்டு கொஞ்சம் பின்னால் போயிற்று. இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தது. உடம்பைத் தாழ்த்தியது. குருவி குலத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. இரண்டு காலாலும் தரையை உதைத்து எழும்பியது. சிறகு விரியவே இல்லை. கட்டையின் மேல் நெஞ்சு மோதி மண்ணில் விழுந்தது.

மறுபடியும் பின்னால் போயிற்று. மறுபடியும் குதித்தது. இந்தத் தடவை கட்டையின் மேலே நின்றது.

சிட்டு மேலே நின்றபடி குஞ்சைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சு காலைச் சேர்த்துக்கொண்டு குதித்தது. பாதிகூட வரவில்லை. மல்லாந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னப்பழத்துக்குப் பொறுக்கவில்லை. குஞ்சைத் தூக்கக் கையை நீட்டினாள்.

“தூக்காதே அன்னப்பழம்,” என்றது சிட்டு. “இன்னிக்கு நீ தூக்கி விட்டா, நாளைக்கு எவனாச்சும் தூக்கி இறக்கிருவான். அதுவா வரட்டும்.”

அன்னப்பழம் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. தன் சுருமாட்டுத் துணியை, சுண்ணாம்பு சுமந்தபோது தலையில் வைத்திருந்த அதே துணியை, சுருட்டிக் கட்டையின் ஓரமாகப் போட்டாள். அதைச் சிட்டு தடுக்கவில்லை. படி வேறு, தூக்கிவிடுவது வேறு. குஞ்சு துணிமேல் குதித்தது. துணியிலிருந்து கட்டைமேல் குதித்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்து அந்தப் பக்கம் மெழுகிய தரையில் குதித்து இறங்கின. பாய்களுக்கு நடுவே இருந்த வழியில் ஒவ்வொரு அடியும் குதியாகவே வைத்துக்கொண்டு, ஐயருக்கு முன்னால் போய் நின்றன.

மூப்பர் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. “ஐயரே, ஒழுங்கு கெடுது,” என்றார்.

ஐயர் வயதானவர். கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றார். அவர் மூப்பரைப் பார்த்தார். குஞ்சைப் பார்த்தார். குஞ்சின் நெஞ்சில் கட்டையின் சிராய் ஒன்று குத்திக்கொண்டிருந்தது. அதைக் குனிந்து எடுத்துப் போட்டார். குனிந்தவர் நிமிராமலே கேட்டார்.

“பிள்ளைக்குப் பேரு என்ன?”

“பாக்கியம்,” என்றது சிட்டு.

பாக்கியம் என்று ஐயர் கூப்பிட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தண்ணீர் தெளித்தார். அன்னப்பழம் எழுந்து சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டையைத் தாண்டி நடந்தாள். அவளுக்குப் பின்னால் முள்ளிவிளைப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்டினார்கள். பிறகு மற்ற ஊர்க்காரர்கள். முதல்நாள் வரைக்கும் ஐயர் என்ன நினைப்பார் என்று யோசித்தவர்கள், இப்போது முண்டியடித்தார்கள். மைனாகூட வந்தது. என்ன நடந்ததென்று அது பார்த்துவிட்டது அல்லவா.

குஞ்சுக்குத் தெற்குச் சுவரில் ஒரு பொந்து கிடைத்தது. அந்த ஐப்பசியில் முள்ளிவிளைக் கூரை மறுபடியும் போயிற்று. கருக்குவிளைச் சுவர் அசையவில்லை. பொந்துக்குள் தாயும் பிள்ளையும் நனையாமல் இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கட்டையைக் காணோம். பாய் விரிக்க இடைஞ்சலாக இருந்தது, அதனால் எடுக்கச் சொன்னேன் என்று மூப்பர் எல்லாரிடமும் சொன்னார். தோற்றவர்கள் இப்படித்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். புறாவும் மணிக்கூண்டிலிருந்து இறங்கி வந்து, தான் உள்ளேயிருந்து பேசியதால்தான் கட்டை போயிற்று என்றது. யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அது தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு நடந்தது. தலையாட்டாமல் நடக்க அதற்கு அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்குச் சிட்டும் குஞ்சும் வந்தன. வாசலில் இறங்கின. சிறகை ஒடுக்கின. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்துக் குதித்து உள்ளே வந்தன. கட்டை கிடந்த இடம் வந்தது. வெறும் தரை. அங்கேயும் குதித்தன. அதைத் தாண்டியும் குதித்தன.

மூப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். “ஏட்டி, கட்டையைத்தான் எடுத்தாச்சே. நடந்து வாயேன்.”

சிட்டு நின்றது. “எடுத்தது சரி மூப்பரே. எரிச்சாச்சா?”

“எரிப்பாங்களா? நல்லா வைரம் பாஞ்ச பனை. பின்னால சுவரோரமா சாத்தி வச்சிருக்கு.”

“அப்போ நாங்க இப்படியே வாரோம்,” என்று சொல்லிவிட்டுச் சிட்டு தன் இடத்துக்குப் போயிற்று.

அன்று முதல்தான் சிட்டுக்குருவி கால் மாற்றி வைத்து நடப்பதை விட்டுவிட்டது. கோயிலானாலும் களமானாலும், மேடானாலும் வெறும் தரையானாலும், குறுக்கே ஏதோ கிடப்பதுபோல இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்துத்தான் போகிறது.