முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை அழித்த சனிக்கிழமை

முத்தாலபேரியில் 'சுபமங்கலம் திருமணத் தகவல் நிலையம்' நடத்திவந்த பூவலிங்கத்துக்கு அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரால் வந்தது.

எட்டு வருஷம் உழைத்த கம்ப்யூட்டரை ரிட்டயர்டு ஏட்டு மாடக்கண்ணுவுக்கு விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு ஏட்டு வந்து எடுத்துப்போவார். வாக்குக் கொடுத்த பிறகுதான் பூவலிங்கத்துக்கு உறைத்தது, அதற்குள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரம் இருக்கிறதே என்று. வெளியே சொன்ன வயசு இல்லை, அசல் வயசு. தலைமுடி முளைத்ததா, கடையில் வாங்கியதா என்பது முதற்கொண்டு. ஏட்டின் மருமகனைப் பார்த்துக் கொடுத்ததும் பூவலிங்கம்தான். முப்பத்தொன்று என்று சொல்லிக் கட்டிவைத்த அந்த மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் நாற்பத்து மூன்று.

"ஏட்டய்யா லத்திய இன்னும் எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்காரு அத்தான்" என்று ஆறுதல் சொன்னான் மைத்துனன் அங்கமுத்து.

டைப் அடிக்கும் இசக்கியம்மாளுக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு வித்தைதான் தெரியும்: ஃபைலைத் திறப்பது, அதில் அடிப்பது. ஆகவே ரிப்பேர் கடை சேவியருக்குப் போன் போட்டார்கள். சேவியர் அவசரத்தில் இருந்தான்.

"எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. மொதல்ல ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வச்சிருங்க. அப்புறம் அழிங்க. சும்மா அழிச்சாப் பத்தாது, அதுக்கு மேல வேற எதையாவது எழுதி எழுதி மூணு தரம் அழிக்கணும். கடைசியா நல்லா அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் விட்டுருங்க. அம்புட்டுதான்."

"காப்பிக்குச் சீனி போடணுமான்னு கேக்காம வச்சுட்டீங்களே" என்று குறைப்பட்டாள் இசக்கியம்மாள்.

"ஏட்டய்யாவுக்குச் சர்க்கரை இருக்கு. சீனி வேண்டாம்" என்று முடிவு சொன்னார் பூவலிங்கம். கள்ளிச்சொட்டாகக் கெட்டிக் காப்பி போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முதல் வேலை முடிந்தது.

அடுத்து, மேலே எழுதுவது. கம்ப்யூட்டரின் மேல்புறத்தைத் துடைத்துவிட்டு, பூவலிங்கம் சாக்குக்கட்டியால் 'முருகன் துணை' என்று எழுதினார்.

அங்கமுத்து திடுக்கிட்டான். "சாமி பேர எழுதிட்டீங்களே அத்தான், இத யாரு அழிக்கது?"

மூன்று பேரும் யோசித்தார்கள். யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்த மூலையை விட்டுவிட்டு, பக்கத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி அழித்தார் பூவலிங்கம்.

இசக்கியம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "அண்ணாச்சி, ஒண்ணுமில்லங்கிறத அழிச்சா, ஏதோ இருக்குன்னுல்லா ஆவுது?"

பூவலிங்கம் சாக்குக்கட்டியைத் தேடி எடுத்தார். மறுபடி எழுதி அழித்தார்.

"இப்ப இல்லன்னு ஆயிட்டு" என்றான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த அங்கமுத்து. "ஆனா சேவியர் மூணு தரம்னு சொன்னான். மூணாவது அழிச்சா திரும்பவும் இருக்குன்னு வருதே!"

"சேவியருக்குக் கணக்கு வராது" என்று சொல்லி, நாலு தரம் அழித்துவிட்டுத்தான் பூவலிங்கம் மூச்சு விட்டார்.

மிச்சம் இருந்தது அணைப்பது. அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை நெஞ்சோடு சேர்த்து அணைத்தார். எட்டு வருஷப் பழக்கம் அல்லவா, கண் கலங்கிவிட்டது. அஞ்சு நிமிஷம் ஆகுமுன்னே வாசலில் ஏட்டு நின்றார்.

"என்னவே, யாரும் தவறிட்டாங்களா?"

"இல்ல ஏட்டய்யா. மிஷின் சுத்தமாயிட்டு. உள்ள ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு பொத்தாம்பொதுவாச் சொன்னா எப்படி? முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்வே எனக்கு. என்னென்ன இல்லன்னு விவரமா எழுதிக் கொடும்."

நியாயமான கேள்வி என்று பூவலிங்கத்துக்கே பட்டது. இசக்கியம்மாள் உட்கார்ந்து, 'இந்தக் கம்ப்யூட்டரில் கீழ்க்கண்ட விவரங்கள் இல்லை' என்று தலைப்பு அடித்தாள். இல்லாத விவரத்தில் பிழை வந்துவிடக் கூடாதே என்று பழைய ஃபைலையும் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க, அவள் அடித்தாள்.

இருநூற்றேழாவது பேரில் ஏட்டின் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பூவலிங்கம் பின்வாசலைப் பார்த்து ஓரடி வைத்தார். பிறகுதான் நாலு தரம் அழித்தது ஞாபகம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"தயங்காம வாசிங்க ஏட்டய்யா. அது இல்லவே இல்ல."

ஏட்டு வாசித்தார். "மாப்பிள்ளைக்கு வயசு நாப்பத்து மூணு... இல்ல. தலையில இருக்கது வாங்கின முடி... இல்ல. எப்பா! ரெண்டு வருஷமா என் வீட்டுக்காரி, மாப்பிள்ளைக்கு வயசு கூடன்னு என்னைப் போட்டுக் குடையுதா. அத ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து இப்படிக் கொடும்வே. கீழ ஒரு சீல் குத்தும்."

கம்ப்யூட்டரை மேஜையிலேயே விட்டுவிட்டு, தாளோடு வீட்டைப் பார்த்து ஓடினார் ஏட்டு.

திங்கட்கிழமை காலை நிலையத்து வாசலில் ஊர் மாமனார்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள், தங்கள் மருமகனிடம் என்னென்ன இல்லை என்று எழுதி வாங்கிப்போக.