மடிப்பு கலையாத சட்டை

அச்சத்தை வெல்லும் வழி எது என்று மடத்துக்கு வந்து கேட்பவர்கள் பலர். அச்சம் கழுத்தைப் பிடித்திருக்கும்போதே வந்து கேட்டவர் தில்லைநாயகம் ஒருவர்தான்.

அன்று திங்கட்கிழமை. காலை எட்டு மணி ஆகவில்லை. மடத்தின் குருவான நிறைமதி அம்மை முற்றத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சைக்கிளை மடத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்த தில்லைநாயகம், திரும்பி ஒருமுறை சாலையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"இந்தக் கதவுக்குத் தாழ் இருக்குன்னே இன்னிக்குத்தான் ஞாபகம் வருது. உட்காருங்கய்யா" என்றார் அம்மை.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தில்லைநாயகம் நில அளவை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சர்க்கரை நோய் வந்தபின் மருத்துவர் சொல்லைக் கேட்டு, வீட்டிலிருந்து அலுவலகம் வரை பன்னிரண்டு கிலோமீட்டரும் சைக்கிள் மிதித்தே சென்றுவந்தார். அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. தமக்குக் கீழே வேலை செய்பவர்கள் காரில் வந்து இறங்கும்போது, தாம் வியர்த்து வழிந்து நிற்பதா என்ற கூச்சம். எனவே ஒரு மணி நேரம் முன்னதாகவே பின்வாசல் வழியே நுழைந்து, பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் உடை மாற்றிக்கொள்வார். பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் இருப்பார். உழைப்பின் வியர்வை இழிவன்று என்று அவர் பிறருக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். தமக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

"அம்மா, பயத்தை எப்படி விடுறது?"

"எந்தப் பயத்தை?"

வெளியே ஒரு லாரி கடந்து சென்றது. அதன் ஓசை தேய்ந்து மறையும்வரை அவர் மூச்சை அடக்கியிருந்தார்.

"பன்னிரண்டு நாளாச்சும்மா. குளத்துக்கரை ரோட்டுல வந்துக்கிட்டிருந்தேன். எனக்கு முன்னால ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல போனா. ஒரு டிப்பர் லாரி என்னைத் தாண்டிப் போய் அவளைப் பின்னாலேருந்து தட்டிடுச்சு. டிரைவர் இறங்கினான். அவளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒண்ணும் பேசலை. ஏறிப் போயிட்டான்."

"நீங்க?"

"நின்னேன். அவ என்னைப் பார்த்துக் கையை நீட்டினா." அவர் குரல் இறங்கியது. "நானும் ஏறிப் போயிட்டேன்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"உயிர் இருக்கா?"

"இருக்கு. பின்னால வந்த பால்காரர் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கார். இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கா. பேரு செல்வக்கனி."

"பேர் எப்படித் தெரியும்?"

"அவ அண்ணன் எங்க ஆபீசுக்கே வந்துட்டார்."

நடந்தது இதுதான். தன்னை இடித்த வண்டியைச் செல்வக்கனி பார்க்கவில்லை. முதுகில் நீலப் பை மாட்டிய ஒருவர் சைக்கிளோடு நின்றதை மட்டும் பார்த்திருந்தாள். அந்த ஒருவரைத் தேடி, அவள் அண்ணன் பொன்னுலிங்கம் அந்தச் சாலையின் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். கண்ணால் கண்ட சாட்சி இந்தத் திங்கட்கிழமைக்குள் வராவிட்டால், அவள் தானே சறுக்கி விழுந்தாள் என்று எழுதி முடித்துவிடுவோம் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவர் தில்லைநாயகத்தின் மேசை முன்னே வந்து நின்றார்.

"இங்க சைக்கிள்ல வர்றவங்க யாராச்சும் உண்டுங்களா? கொஞ்சம் வயசானவராம். முன்வழுக்கையாம். உங்களை மாதிரின்னு வச்சுக்குங்களேன் சார்."

அலுவலக உதவியாளர் சூசை சிரித்தேவிட்டார்.

"எங்க சாரா? யோவ், அவர் சட்டையைப் பாருய்யா! பஸ்ல வந்தும் ஒரு மடிப்புக் கலையாது. டிரைவர் மடியில உட்கார்ந்து வர்றாரோன்னு நாங்களே சந்தேகப்பட்டுக்கிட்டிருக்கோம்."

பொன்னுலிங்கம் அந்தச் சட்டையைக் கழுத்துப்பட்டையிலிருந்து கைவிளிம்புவரை பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க சார். சைக்கிள் மிதிச்சு வந்த சட்டை இல்லை இது."

இதைச் சொல்லி முடித்த தில்லைநாயகம் தலை நிமிரவில்லை.

"நான் பொய் சொல்லலைம்மா. வாயே திறக்கலை."

"அதான் சட்டை பேசிடுச்சே."

"அவர் இன்னும் போகலை. எங்க ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில, காலையில பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து, போற வர்ற சைக்கிளை எல்லாம் பார்க்கிறார். பஸ்ல போகலாம்னா, பஸ் நிக்கிறதும் அந்தக் கடை வாசல்லதான். குளத்துக்கரையை விட்டுட்டு வாய்க்கால் வழியாச் சுத்திப் பின்வாசலுக்குப் போறேன். பின்னால லாரிச் சத்தம் கேட்டா கை மரத்துப்போகுது. அந்த வண்டி நம்பர் மறக்க மாட்டேங்குது. சோத்துல கை வச்சா வாய் தானாச் சொல்லுது. போய்ச் சொல்லலாம்னா, அந்த டிரைவருக்கு என் முகம் தெரியும்மா. தினம் போற வழியும் தெரியும்."

அம்மை கீரைத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அந்தச் சட்டை எப்படிக் கசங்காம வருது? எனக்குக் காட்டுங்களேன்."

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவர் திகைத்தார். ஆயினும் சீடர் அல்லவா, நீலப் பையைத் திறந்தார்.

"ரெண்டு அட்டைம்மா. நடுவுல சட்டை. மடிக்கும்போதே முதுகுப் பக்கம் ஒரு செய்தித்தாள் வச்சுடணும். காலர் அமுங்காம இருக்கக் கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே வைக்கணும். பேன்ட்டை மடிக்கவே கூடாது, சுருட்டணும். ஷூ ஆபீசுலயே இருக்கு." சொல்லச் சொல்ல அவர் குரலில் உற்சாகம் ஏறியது. "இறங்கின உடனே மட்டும் சட்டையைப் போட்டுடக் கூடாது. மிதிக்கும்போது காத்துல வேர்வை தெரியாது. நின்னப்புறம்தான் கொட்டும். கால் மணி நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஈரத் துண்டால துடைச்சுட்டு, அப்புறம்தான் போடணும்."

"அந்தக் கால் மணி நேரம் என்ன செய்வீங்க?"

"முன்னெல்லாம் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போ கதவையே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நல்ல சட்டை. போட்டுக் காட்டுங்க."

அவர் உள்ளே சென்று, வியர்வை ஊறிய பனியனின் மேலேயே வெள்ளைச் சட்டையை அணிந்து வந்தார். கடைசிப் பொத்தானையும் போட்டார்.

அம்மை எழுந்தார். பிறகு அட்டைகளைப் பைக்குள் போட்டு, அந்தப் பையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். கதவருகே சென்று தாழை நீக்கினார்.

"கிளம்புங்க. குளத்துக்கரை வழியாவே போங்க. முன்வாசல்ல இறங்குங்க."

"இந்தச் சட்டையோடவா?"

"அதோடதான்."

"இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கும்மா!"

"ஆமாம்."

"லாரிங்க போற ரோடும்மா. அவன் பார்த்துட்டா?"

"பார்க்கலாம்."

"பயமா இருக்கு."

"இருக்கும். பத்து மணிக்கு அவர் எழுந்து போயிடுவார்னு சொன்னீங்க."

தில்லைநாயகம் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். வெளியே இன்னொரு லாரி கடந்தது. இம்முறை கதவு திறந்திருந்தது. அதன் புழுதி உள்ளே வந்து வெள்ளைச் சட்டையின் மேல் படிந்தது. அவர் அதைத் தட்டிவிடக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை பாதியில் நின்றது.

"போய்ச் சேரும்போது சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டியிருக்கும். மூச்சு வாங்கும். புழுதியும் செயின் மசியுமாப் போய் அந்த டீக்கடை முன்னால நிப்பேன். சூசை பார்ப்பான். எல்லாரும் பார்ப்பாங்க. நான் யாருன்னு தெரிஞ்சுபோயிடும்மா!"

நிறைமதி அம்மை கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தார்.

"அந்த ஆளைத்தான்யா அவர் பன்னிரண்டு நாளாத் தேடிக்கிட்டிருக்கார்."