முதுகை ஒத்திவைத்த சபை

வேங்கைநாட்டு ராஜா திருமேனிராயர் நல்லவர்தான். முத்திரை குத்திவிட்டு அப்புறம் யோசிப்பார், அவ்வளவுதான்.

எழுபது தாண்டியவர்களுக்கு அரண்மனை வைத்தியசாலையில் இலவச வைத்தியம் இருந்தது. அதை அறுபது வயதிலிருந்தே என்று மாற்றி உத்தரவு போட்டார். ஊரே வாழ்த்தியது. மறுநாளே மந்திரி கோதண்டய்யர் வந்து, "பிரபு, அவசரப்பட்டுவிட்டோம். சபை மறுபரிசீலனை செய்யட்டும். அதுவரை உத்தரவை நிறுத்திவைப்போம்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சபை கூடியது. அறுபது வயதைக் கணக்கிடும்போது கருவில் இருந்த பத்து மாதத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முதல் கூட்டம் முழுக்கச் சண்டை. பல்வலி நோயா, வெறும் முதுமையா என்று இரண்டாவது கூட்டம். மூன்றாவது கூட்டம் சாப்பாட்டோடு முடிந்தது. இப்படியே ஏழு கூட்டங்கள்!

ஏழுக்கும் வாசலில் வந்து நின்றாள் உப்பு விற்கும் முத்திருளாயி. அறுபத்திரண்டு வயது. நாலடி நடந்தால் மூச்சு இரைக்கும்.

"சாமி, இன்னிக்காவது முடிவாகுமா?"

"அடுத்த பௌர்ணமிக்கு வா. உன் இரைப்பு எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றார் மந்திரி.

உத்தரவுகளை ஓலையில் எழுதும் சிங்காரவேலர் பக்கத்தில்தான் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

எட்டாவது கூட்டம். அன்றும் வாசலில் முத்திருளாயி நின்றாள். ஒத்திவைக்கும் தீர்மானத்தோடு எழுந்து, ராஜாவை வணங்கக் குனிந்தார் மந்திரி. குனிந்தவர் நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

"ஐயோ! வைத்தியரைக் கூப்பிடுங்கள்!"

வைத்தியர் ஓடிவந்தார். சிங்காரவேலர் குறுக்கே நின்றார்.

"பொறுங்கள். மந்திரியாருக்கு அறுபத்துநாலு வயது. அந்த வயதுக்கு இலவச வைத்தியம் உண்டா என்று சபை இன்னும் முடிவு செய்யவில்லையே! பிரபு, இவர் முதுகையும் அடுத்த பௌர்ணமிவரை ஒத்திவைப்பதாக எழுதிவிடட்டுமா?"

"அட பாவி! வலியை ஒத்திவைக்க முடியுமா?" என்று அலறினார் மந்திரி.

சிங்காரவேலர் சட்டென்று எழுத்தாணியை எடுத்துக் கீறினார்.

"என்ன எழுதுகிறீர்?" என்றார் ராஜா.

"மந்திரியார் இப்போது சொன்னதைத்தான், பிரபு. எட்டுக் கூட்டத்தில் இந்தச் சபையில் யாராவது உருப்படியாகப் பேசியது இதுதான் முதல் தடவை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் சிவந்தது, வெட்கத்தால். உத்தரவு அந்தக் கணமே நடப்புக்கு வந்தது. சிங்காரவேலருக்கு முத்துமாலை கிடைத்தது.

"வைத்தியரே, வாசலில் நிற்பவளை முதலில் பாரும். மந்திரி அவளுக்கு அப்புறம்."

முத்திருளாயி மெல்ல மெல்ல நடந்தாள். பின்னால் குனிந்தபடியே போனார் கோதண்டய்யர். ஓர் ஏழைக்குப் பின்னால் அவர் தலை தாழ்த்தி நடந்தது, பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறை.